ஈரக்காற்றிலும் கைகொடுக்கும் டைக்குளோரோகார்பீன்: செய்முறை வழிகாட்டி

காலாப்பட்டு முதல் கடலூர் வரை கடலோர ஆய்வகங்களில், பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு என்னும் வலிய காரத்தின் புட்டியைத் திறந்தவுடனே அதில் ஈரம் ஏறிவிடும். 1954இல் வேதியியலாளர்கள் டோரிங்கும் ஹாஃப்மனும் அந்தக் காரத்தைக் கொண்டே குளோரோஃபார்மிலிருந்து டைக்குளோரோகார்பீனை (இரு குளோரின் அணுக்கள் கொண்ட, நொடியில் வினைபுரிந்துவிடும் கார்பன் துகள், CCl₂) உண்டாக்கி, அதை ஆல்க்கீனுடன் (இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) சேர்த்து, மூன்று கார்பன் வளையமான வளையபுரொப்பேன் பெற்றனர். நம் ஊர் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1969இல் போலந்து வேதியியலாளர் மகோஷா காட்டிய வழியை. அங்கே 50% சோடியம் ஹைட்ராக்சைடு நீர்க்கரைசலே காரம்.

நீர் இருந்தும் கார்பீன் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. காரநீர் அடுக்கும் குளோரோஃபார்ம் உள்ள கரிம அடுக்கும் சந்திக்கும் எல்லையில் குளோரோஃபார்ம் தன் புரோட்டானை இழக்கிறது. அங்கு உருவாகும் டிரைகுளோரோமெத்தில் எதிரயனியை நான்கிணைய அம்மோனியம் அயனி கரிம அடுக்குக்குள் அழைத்துச் செல்ல, அங்கே அது குளோரைடை உதறிக் கார்பீனாகி, அருகிலுள்ள இரட்டைப் பிணைப்பைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே விளைச்சலைத் தீர்மானிப்பது கலக்கும் வேகமே. மெதுவாகச் சுழலும் காந்தக் கலக்கி இதற்குப் போதாது.

குளிர்விப்பான் பொருத்திய 250 மி.லி. குடுவையில் 8.2 கிராம் சைக்ளோஹெக்ஸீன், 30 மி.லி. குளோரோஃபார்ம், 0.4 கிராம் பென்சைல்டிரைஎத்தில்அம்மோனியம் குளோரைடு (மேலே சொன்ன நான்கிணைய அம்மோனியம் அயனியைத் தரும் உப்பு) ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 16 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 16 மி.லி. நீரில் கரைத்து, ஆறவிட்டு, விடாமல் கலக்கியபடி துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். தொடக்கத்தில் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். அதை நம்பி வேகமாக ஊற்றினால், கலவை வெண்குழம்பாகும்போது வெப்பம் திடீரென ஏறும். சித்திரை, வைகாசியில் குழாய்நீரே வெதுவெதுப்பாக வருமாதலால், பனிக்கட்டித் தொட்டியை முன்பே ஆயத்தமாக வைத்து, வெப்பநிலையை 50 டிகிரிக்குள் நிறுத்துங்கள். கார்பீனின் ஒரு பகுதி நீராற்பகுப்பால் கார்பன் மோனாக்சைடைத் தருவதால், குடுவையை ஒருபோதும் மூடி அடைக்காமல், வேலை முழுவதையும் ஃபியூம் ஹூடுக்குள்ளேயே (நச்சுவாயுவை வெளியேற்றும் அறைப்பெட்டி) செய்யவேண்டும்.

அசிட்டோனை இந்த மேசையிலிருந்தே அகற்றிவிடுங்கள். காரம் இருக்கும் இடத்தில் குளோரோஃபார்மும் அசிட்டோனும் கடும் வெப்பத்துடன் வினைபுரிந்து வெடிக்கவும் கூடும். கண்ணாடிக் கலன்களை அசிட்டோனால் அலசும் பழக்கம் இங்கே பேராபத்து.

வினை முடிந்து குளிர்ந்தபின் நீர் சேர்த்துப் பிரிபுனலில் பிரியுங்கள். குழம்பு உடையாவிட்டால் உப்புக்கரைசல் உதவும். கரிம அடுக்கைக் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, குளோரோஃபார்மை நீக்கி, எஞ்சியதைக் குறைந்த அழுத்தத்தில் வடிக்கலாம். குளோரோஃபார்ம் கழிவு, ஹாலோஜன் கழிவுக்கலனுக்கே செல்லவேண்டும். புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 5.7 பி.பி.எம். அருகே இருந்த ஆல்க்கீன் குறி மறைந்திருந்தால், வடித்த பொருளில் சைக்ளோஹெக்ஸீன் எஞ்சவில்லை என்று கொள்ளலாம்.