அறுவடை மிஷினை டிராக்டரில் இழுத்துச் செல்வது: புதியவர்களுக்கான செய்முறை

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும், டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷினைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றி டிராக்டரில் இழுத்துச் செல்லும் வேலை டெல்டா முழுவதும் வந்துவிடும். பனி உலர்ந்த பிறகே கதிரில் மிஷினை இறக்க முடியும் என்பதாலும், பொழுது சாயும்வரை வயலில் வேலை இருக்கும் என்பதாலும், மிஷின் ஊர் மாறுவது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலை மூடுபனியிலோதான் நடக்கிறது. புதிதாக ஓட்ட வருபவர்கள் "நம்ம வண்டி இழுக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். சமதரையில் இழுத்துவிடும், நிறுத்த முடியுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

டிராக்டர் 2 டன், டிரெய்லர் 1 டன், மிஷின் 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், 2 டன்னுக்கு உரிய பிரேக் 6 டன்னைப் பிடிக்க வேண்டும். தனி டிராக்டர் 5 மீட்டரில் நிற்கும் இடத்தில் இது நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் ஆகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். பிரேக் உள்ள டிரெய்லரையே பிடியுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி.

முதலில் ஏற்றுதல். கெட்டியான சமதரையில், டிராக்டரோடு கொக்கி மாட்டிய நிலையிலேயே, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு மிஷினை ஏற்றுங்கள். எடை அச்சுக்குச் சற்று முன்னால் அமர வேண்டும். பின்னால் தள்ளி நிறுத்தினால் டிரெய்லரின் மூக்கு மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு குறைந்து, வண்டி வாலாட்டத் தொடங்கும். நெல் கொட்டும் குழாயை மடக்கிப் பூட்டி, மிஷினை நான்கு மூலையிலும் சங்கிலியால் இறுக்குங்கள், கயிறு போதாது. ஒரு கிலோமீட்டர் போனதும் இறங்கிச் சங்கிலியை மறுபடி பாருங்கள், தளர்ந்திருக்கும்.

அடுத்து இணைப்பு. டிரெய்லரை டிராக்டரின் கீழ்க்கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழும். கொக்கியில் செருகும் ஆணிக்குப் பூட்டுக் கிளிப் அவசியம். கம்பியை வளைத்துச் செருகுவது வழக்கமாகிவிட்டது, அதை ஏற்காதீர்கள். ஆணி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி ஒரு காப்புச் சங்கிலியும் இருக்கட்டும்.

வயலில் மடக்கித் திருப்புவதற்காக இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்துப் பழகியிருப்பீர்கள். சாலை ஏறும் முன் இரண்டு பெடல்களையும் தாழ்ப்பாளால் ஒன்றாகப் பூட்டுங்கள். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி அந்தப் பக்கமே திரும்பும். நம் ஊரில் அந்தப் பக்கம் வாய்க்கால்தான் இருக்கும்.

இனி பாலங்கள். டெல்டாவில் மேடேது என்பார்கள். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதை நினைத்துப் பாருங்கள். ஆறு பிரியப் பிரியப் பாலம் கூடுகிறது, ஒவ்வொரு பாலமும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், பெரும்பாலும் இறங்கியவுடன் கரைச் சாலைக்கு ஒரு செங்கோணத் திருப்பம். ஏறுவதற்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள், அதே கியரில் இறங்குங்கள், இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடவே தொடாதீர்கள். பழகும் நாளில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினேன். பின்னிருந்த பாரம் டிராக்டரின் முதுகைத் தள்ள, டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கிக் கைப்பிடிச் சுவரை உரசிய பிறகே நின்றது. அன்று பாரம் வெறும் வைக்கோல்.

கரைச் சாலையில் எதிரே பேருந்து வந்தால், ஓரத்து மண்ணில் இறக்கி வழிவிடும் மரியாதை வேண்டாம். மழை குடித்த களிமண் 6 டன்னைத் தாங்காது. அகலமான இடத்தில் முன்கூட்டியே நின்று வழிவிடுங்கள். சாலையில் நெல் காயப் போட்டிருந்தால் டயர் வழுக்கும், அங்கே பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரைக் குறைத்தே கடக்க வேண்டும். ஊருக்குள் தொங்கும் மின்கம்பியில் இடிக்காமலிருக்க, டிரெய்லரில் ஏற்றிய மிஷினின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அகலம் முழுவதும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். மிஷினின் வாய், அதாவது கதிர் அறுக்கும் முன்பகுதி, வெளியே நீட்டியிருந்தால் அதன் இரு முனைக்கும் தனி விளக்கு. மூடுபனியில் முன்வண்டி தெரியவில்லையென்றால் சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள். மட்கார்டில் யாரையும் உட்கார விடாதீர்கள், மிஷின் ஓட்டுநரானாலும் சரி, அவர் பைக்கில் வரட்டும்.

வயல் வந்ததும், சங்கிலியை அவிழ்ப்பதற்கு முன், மறுபடி கட்டை.