'இல்மேட்டிக்' ஆல்பத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாஸ் என்று அறியப்படும் அமெரிக்க ராப் பாடகர் நசீர் ஜோன்ஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1994 ஏப்ரல் 19 அன்று அவருடைய முதல் ஆல்பம் 'இல்மேட்டிக்' வெளிவந்தபோது அவருக்கு வயது 20. மொத்தம் பத்துத் தடங்கள், முழுவதையும் கேட்டு முடிக்க 40 நிமிடம்கூட ஆகாது. 2010இல் மைக்கேல் எரிக் டைசனும் சோஹைல் தௌலத்சாயும் இந்த ஒரு ஆல்பத்துக்காகவே ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 'பார்ன் டு யூஸ் மைக்ஸ்' என்ற அதன் தலைப்பே ஆல்பத்தின் வரி ஒன்றிலிருந்து எடுத்ததுதான். 2013இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் நாஸின் பெயரில் ஹிப்-ஹாப் ஆய்வு நல்கை ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் 'இல்மேட்டிக்' இடம்பெற்றிருக்கிறது.

ஆக, இதை ஆய்வு நோக்கில் படிக்கலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல். நான் பார்த்தவரை பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே வேர்தான்: பாட்டை விட்டுச் சீக்கிரமாக வெளியேறிவிடுகிறோம். பாடகரின் வாழ்க்கைக்கோ சமூகக் கோட்பாட்டுக்கோ தத்துவத்துக்கோ தாவிவிடுகிறோம். பாட்டு தன் வாயாலேயே சொன்ன பதில் காதில் விழாமலே போய்விடுகிறது.

எழுத்தில் மட்டும் படிப்பது

இணையத்தில் வரிகளைத் தேடி எடுத்து, அடிக்கோடிட்டு, கட்டுரை எழுதிவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும்கூட. வரிகளை எழுத்தில் பெயர்ப்பதே நம்பத்தகாத வேலை. 2010இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் ராப் வரிகளின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, அதில் வரிகள் பல இடங்களில் தப்பும் தவறுமாகப் பெயர்க்கப்பட்டிருப்பதாகக் கடுமையான விமர்சனம் எழுந்தது. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கே இந்த நிலை என்றால், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளங்களில் இருப்பதை ஒருமுறையாவது காதால் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

எழுத்து சரியாகவே இருந்தாலும் அது பாதிதான். 'லைஃப்ஸ் எ பிச்' பாட்டை எடுத்துக்கொள்வோம். வாழ்க்கை இப்படித்தான், எப்போது சாவோம் என்று தெரியாது, அதனால் போதையில் மிதப்போம் என்கிறது பல்லவி. ஆல்பத்தில் நாஸைத் தவிர முழுச் சரணம் பாடும் ஒரே விருந்தினரான ஏஸி, அதே விரக்தியோடு முதல் சரணத்தைப் பாடுகிறார். இவற்றைப் படித்துவிட்டு 'கறுப்பின இளைஞர்களின் அவநம்பிக்கைவாதம்' என்று தலைப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடுத்து வரும் நாஸின் சரணம் அவருடைய இருபதாவது பிறந்தநாள் காலையில் தொடங்குகிறது. இந்த வயதை எட்டியதே ஒரு வரம் என்கிறார். அவருடைய நெருங்கிய நண்பர் வில் கிரஹாம் 1992இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வரம் எவ்வளவு கனமான சொல் என்று புரியும்.

பாட்டு அதோடு முடிவதுமில்லை. சொற்கள் ஓய்ந்த பிறகு கார்னெட் என்ற, டிரம்பெட் போன்ற ஊதுகருவி ஒன்று எழுகிறது. மென்மையாக, அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டே போகிறது. வாசிப்பவர் ஓலு தாரா. மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸில் பிறந்த ஜாஸ் கலைஞர், நாஸின் தந்தை. நாளை இருப்போமா என்று கேட்ட மகனின் பாட்டை, அதற்கு முந்தைய தலைமுறை தன் மூச்சால் முடித்துவைக்கிறது. இந்த ஆல்பத்தின் மிக ஆழமான பதில் அதுதான் என்று நான் நம்புகிறேன், அதில் ஒரு சொல்கூட இல்லை. வரிகளை அச்சிட்டுப் படிப்பவர் கைக்கு அது வரவே வராது.

சாம்பிள்களும், அதாவது பழைய இசைப்பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்க்கும் துண்டுகளும், அப்படியே. 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் அதன் இசையமைப்பாளர் பீட் ராக் சுழலவிடும் பியானோ 1970இல் அஹ்மத் ஜமால் வாசித்தது. 'இட் எய்ன்ட் ஹார்ட் டு டெல்' பாட்டில் இன்னொரு இசையமைப்பாளர் லார்ஜ் புரொஃபஸர் மைக்கேல் ஜாக்சனின் 'ஹ்யூமன் நேச்சர்' பாட்டை எடுத்துக் கட்டியிருக்கிறார். இவற்றைப் பின்னணி அலங்காரம் என்று ஒதுக்குபவர் ஓர் உரையாடலில் ஒருவர் பேசியதை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார்.

'நான்' என்று வந்தால் நாஸ் என்று எடுத்துக்கொள்வது

டிஜே பிரீமியர் இசையமைத்த 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டின் முதல் சரணத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை வருகிறது. சொல்பவன் சுடுகிறான். கை நடுங்குகிறது, பார்க்க முடியவில்லை. மறுபடி விசையை இழுத்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. ஓடிப்போய்க் கட்டடத்தின் வாசல் கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே நிறையச் சின்னக் குழந்தைகள். இதை ஒரு வாக்குமூலம்போலப் படித்து, நாஸ் இதையெல்லாம் செய்தாரா என்று துப்பறியத் தொடங்குகிறார்கள்.

பாட்டை விட்டு எங்கும் போக வேண்டாம், அடுத்த சரணத்தைக் கேட்டால் போதும். அது தொடங்குவதே கனவில்தான்: பெரிய தாதாவாகி, ஷாம்பெய்ன் குடித்து, பங்குச் சந்தையில் முதலீடு செய்து, போலீஸோடு மோதி ஜெயிப்பதாகக் கனவு. பிறகு ஒரு 'ஆனால்' வருகிறது. ஆனால் இப்போதைக்கு அவன் விசையில் விரல் வைத்தபடி தெருவில் நடக்கும் ஒரு சாதாரணப் பையன். திரைப்படங்கள் ஊட்டிய கற்பனைக்கும் தெருவுக்கும் நடுவில் அந்த 'ஆனால்' நிற்கிறது. இதே சரணத்தில் இன்னொரு தடயமும் உண்டு. தீவு நிரம்பி வழிகிறது, போய்விட்டு வந்தவர்கள் கதை சொல்லக் கேட்கிறேன் என்கிறான். தீவு என்பது நியூயார்க்கின் ரைக்கர்ஸ் சிறை. தான் கேட்டவன், பார்த்தவன், சொல்பவன் என்று அவனே தன்னை அடையாளம் காட்டிவிடுகிறான்.

இதற்கு எதிர்த்திசையில் போய், எல்லாமே புனைவு என்று சொல்லிவிடுவதும் பிழை. சிறையில் இருக்கும் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதப்பட்ட 'ஒன் லவ்' பாட்டில் கோர்மெகாவைப் பார்த்தாயா என்று ஒரு விசாரிப்பு வருகிறது. கோர்மெகா உண்மையான மனிதர். அப்போது சிறையில் இருந்தவர், பின்னாளில் தானும் ராப் கலைஞராகப் பெயர் பெற்றவர். உண்மைப் பெயர்களும் புனைந்த காட்சிகளும் ஒரே வரியில் கைகோத்து நடக்கும் கலை இது. எது எது என்று பிரித்துக் காட்டுவதைவிட, ஏன் இப்படிக் கலந்திருக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

இந்தப் பிழை கல்விப்புலத்தோடு நிற்பதில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளை அவற்றை எழுதியவருக்கு எதிரான சாட்சியமாக அரசுத் தரப்பு தொடர்ந்து முன்வைத்து வந்திருக்கிறது. அதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரு தன்மைப் பெயரைத் தவறாகப் படித்தால் ஒருவர் சிறைக்குப் போகக்கூடும் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

ஊரையும் ஆண்டையும் கரைத்துவிடுவது

'கெட்டோ வாழ்க்கையின் அவலம்' என்ற சொற்றொடரைக் கட்டுரையிலிருந்து அடித்துவிடுங்கள். நாஸ் பாடுவது அவர் வளர்ந்த, நியூயார்க் நகரின் குயீன்ஸ்பிரிட்ஜைப் பற்றி. 1939இல் திறக்கப்பட்ட அது 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு. அமெரிக்காவில் அரசு நடத்தும் பொதுக் குடியிருப்புகளில் அதுவே மிகப் பெரியது. அதற்கு ராப்பில் ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்தது. மார்லி மார்லும் எம்சி ஷானும் 1980களின் நடுவில் அந்தக் குடியிருப்பைப் பெருமையாகப் பாட, அதே நகரின் இன்னொரு பகுதியான பிராங்ஸைச் சேர்ந்த கேஆர்எஸ்-ஒன் பதிலுக்குப் பாடி அவர்களை வீழ்த்தினார் என்று பேச்சு. அந்தத் தோல்வியின் நினைவு மாறாத இடத்திலிருந்துதான் நாஸ் வருகிறார். 'தி ஜெனிசிஸ்' என்ற முன்னோட்டத் தடத்தில் ரயில் ஓசையும் 'வைல்ட் ஸ்டைல்' என்ற ஹிப்-ஹாப் படத்தின் உரையாடலும் 1991இல் வெளிவந்த நாஸின் முதல் சரணமும் ஒன்றாகக் கேட்கின்றன. தன்னை ஒரு மரபில் நிறுத்திக்கொள்ளும் செயல் அது. இதை 'அறிமுக இரைச்சல்' என்று தாண்டிப் போகக் கூடாது.

காலமும் முக்கியம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் விற்றவருக்கு 15 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று நியூயார்க் மாநிலத்தின் ராக்ஃபெல்லர் சட்டங்கள் வந்தது 1973இல், நாஸ் பிறந்த அதே ஆண்டில். 1986இல் மத்திய அரசு ஐந்து கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் வகைக் கொக்கெய்ன்) 500 கிராம் கொக்கெய்ன் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. 1990இல் நியூயார்க் நகரில் மட்டும் 2,200க்கும் அதிகமான கொலைகள். 'ஒன் லவ்' ஏன் கடித வடிவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? ஒரு தலைமுறையின் நட்பே கடிதத்துக்கு மாறிவிட்டிருந்தது. மூன்றாம் சரணத்தில் அந்தக் கடித வடிவம் நின்றுவிடுகிறது. சொல்பவன் இப்போது பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு தெருவில் உட்கார்ந்து பேசுகிறான். அந்தப் பையன் குண்டு துளைக்காத உடை அணிந்திருக்கிறான். அடுத்த கடிதம் யாருக்குப் போகப்போகிறது என்று பாட்டு வாய்விட்டுச் சொல்வதில்லை.

சமயச் சொல்லைக் கொச்சைச் சொல் என்று நினைப்பது

இந்த ராப் உலகில் ஆண்கள் ஒருவரையொருவர் 'காட்' (கடவுள்) என்று அழைப்பது வெறும் தெருப்பேச்சு அல்ல. நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கத்திலிருந்து விலகிய கிளாரன்ஸ் 13எக்ஸ் 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் தொடங்கிய ஃபைவ் பெர்சென்ட் நேஷன் இயக்கத்தின் வழக்கு அது. மக்களில் 85 விழுக்காட்டினர் அறியாமையில் இருப்பவர்கள், 10 விழுக்காட்டினர் அறிந்தும் ஏமாற்றுபவர்கள், மீதி ஐந்து விழுக்காட்டினரே உண்மையைக் கற்பிப்பவர்கள் என்பது அவர்களின் போதனை. அதற்காக ஒவ்வொரு வரியையும் இறையியலாக விரித்துவிடவும் கூடாது. ஏஸியின் சரணமே அளவைச் சொல்லிவிடுகிறது: ஆரம்பத்தில் ஃபைவ் பெர்சென்டர்களாக இருந்தோம், பிறகு எதுவோ உள்ளே புகுந்து எல்லோரும் பாவிகளாகிவிட்டோம் என்கிறார்.

ஒப்புமை கண்டதும் நின்றுவிடுவது

இது தமிழ் வாசகருக்கே உரிய ஆபத்து. தான் உறங்குவதே இல்லை, உறக்கம் சாவுக்குப் பங்காளி என்று 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டில் நாஸ் சொல்லும் புகழ்பெற்ற வரியைக் கேட்டதும் 'உறங்குவது போலுஞ் சாக்காடு' என்ற 339ஆம் குறள் நினைவுக்கு வரும். வரட்டும். ஆனால் வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் பேசுகிறார். உறங்குவதும் விழிப்பதும்போல இயல்பானவை இறப்பும் பிறப்பும் என்ற அமைதி அந்தக் குறளில் உண்டு. நாஸின் வரியில் அமைதி ஏது? சில வரிகளுக்கு முன்புதான் ஊரே உறங்குவதில்லை, அயோக்கியர்கள் நிரம்பியது என்கிறார். கண்ணயர்ந்தால் கதை முடிந்தது என்ற காவல்காரனின் பதற்றம் அது. கனவோடு தொடங்கிய சரணம் உறங்குவதே இல்லை என்று முடிவதையும் சேர்த்துக் கேட்டால், அவன் கண்டது விழித்தபடியே கண்ட கனவு என்பது தெரியும். இரண்டு கவிஞர்களும் ஒரே உவமையைத் தொட்டார்கள் என்று மகிழ்வதோடு நின்றால் இருவரையுமே இழந்துவிடுவோம்.

புகழைப் பின்னோக்கிப் பூசுவது, பெண்களை மறப்பது

'இல்மேட்டிக்' வந்த அன்றே உலகம் மண்டியிட்டது என்பது பின்னால் எழுந்த கதை. பத்து லட்சம் பிரதி விற்றதற்கான பிளாட்டினச் சான்றிதழ் 2001இல்தான் கிடைத்தது. அன்றைக்கே மதித்தவர்கள் ராப் உலகின் உள்ளே இருந்தவர்கள். 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் இதழ் ஓர் அறிமுகக் கலைஞனுக்கு ஐந்துக்கு ஐந்து மைக், அதாவது முழு மதிப்பெண், தந்தது. அந்த மதிப்புரையை எழுதியவர் மின்யா ஓ என்ற இளம்பெண்.

அவர் பெயர் பல கட்டுரைகளில் வருவதே இல்லை. ஆல்பத்துக்குள்ளும் பெண்கள் பேசுவதில்லை. பேசப்படுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் இழிவாக. சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதாத காதலி, கையில் பேஜர் வைத்திருக்கும் பெண்கள் என்று நிழல்களாக வருகிறார்கள். டைசனும் தௌலத்சாயும் தொகுத்த நூலில் கைரா காண்ட் இந்தப் பாலினக் கேள்வியை நேராகவே எழுப்பியிருக்கிறார். ஆல்பத்தின் மேல் பிரியம் உள்ளவர்கள் இதை 'அந்தக் காலம் அப்படி' என்று மூடிவிடப் பார்க்கிறார்கள். பிடிக்காதவர்கள் இதை ஒன்றையே சொல்லி ஆல்பத்தையே தள்ளிவிடுகிறார்கள். அந்த 'ஆனால்' ஒன்றில் ஆண்மைக் கனவைச் சந்தேகிக்கத் தெரிந்த அதே காது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரலை ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்வியையும் பாட்டுக்குள்ளேயே நின்று, வரிவரியாக, 'ஒன் லவ்' போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். தபால் துறையில் வேலை பார்த்து இரண்டு பையன்களை வளர்த்த ஃபேனி ஆன் ஜோன்ஸ் நாஸின் தாய். தந்தையின் கார்னெட் ஆல்பத்தில் ஒலிக்கிறது. தாயின் குரல் எங்கே என்று தேடி எழுதப்படும் கட்டுரைக்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது.