தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

முதலில் சட்ட எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் பழைய சட்டங்கள் கையில் சிக்காது. 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் மாறியது. அதையொட்டிச் சட்டத் தலைப்புகளில் இருந்த ‘மெட்ராஸ்’ ‘தமிழ்நாடு’ ஆனது. அறநிலையச் சட்டத்தின் மூல அச்சு வேண்டுமென்றால் ‘மெட்ராஸ் சட்டம் 22/1959’ என்றே தேட வேண்டும்.

அடுத்தது அரசிதழ். நான்காம் பகுதியின் முதல் பிரிவில் சட்டமுன்வடிவும் (மசோதா), இரண்டாம் பிரிவில் சட்டமும் வரும். முன்வடிவைத் தவறாமல் எடுங்கள். சட்டம் எதற்காக வந்தது என்று சொல்லும் நோக்க காரண விளக்கவுரை அதில்தான் இருக்கும். சட்டமாக அச்சாகும்போது அது விடுபட்டுவிடும்.

முன்வடிவு அறிமுகமான தேதியையும் நிறைவேறிய தேதியையும் வைத்துப் பேரவை விவாதத் தொகுதியைப் புரட்டலாம். மேலவை கலைக்கப்பட்ட 1986 நவம்பர் 1க்கு முந்தைய சட்டமென்றால் மேலவை விவாதத்தையும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெரிய சறுக்கல் அமலுக்கு வந்த தேதியில்தான். வீட்டு வாடகைச் சட்டம் 2017ஆம் ஆண்டின் 42ஆம் எண். நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22. சட்டத்தின் முதல் பிரிவில் ‘அரசு அறிவிக்கும் நாளில்’ என்றிருந்தால் அந்த அறிவிக்கையைத் தனியாகத் தேடியே ஆகவேண்டும். பழைய அரசிதழ்களுக்கும் அரசாணைகளுக்கும் எழும்பூர் ஆவணக்காப்பகம்.