ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால்: வீட்டுக்குள் வேவு பார்க்கப்படும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலில் மாட்டியிருக்கும் கேமரா திருடனுக்காக இல்லை, தனக்காகத்தான் என்று தெரிந்ததும் எந்தப் பெண்ணுக்கும் கை அதன் ஒயருக்குத்தான் போகும். அன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். கேமரா ஆஃப்லைன் போன அடுத்த நிமிடம் அதை மாட்டிய கணவர் போனில் நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும். உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே கை ஓங்குகிற ஆள் என்றால் அந்த மாலை ஆபத்தானது. போதாக்குறைக்கு, ரீசெட் பட்டனை அழுத்தினால் யார் பெயரில் கணக்கு, யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்ற தடயமும் போய்விடும்.

முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி, எந்த அறை, எப்போது மாட்டியது, ஆப் யார் போனில் இருக்கிறது. பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். படுக்கையறையிலோ குளியலறையிலோ கேமரா இருந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம். அதைத் தொடாமல் வெளியே வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள். அடிதடி என்ற நிலை வந்துவிட்டால் ஆதாரமெல்லாம் அப்புறம். 112 அல்லது 181-ஐ அழைத்துவிட்டு வெளியேறுவதுதான் வேலை.

உதவி தேடுவதற்கும் அதே போனையே பயன்படுத்துவது அடுத்த தவறு. இன்காக்னிட்டோவில் தேடினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். போனில் வேவு ஆப் இருந்தால் திரையில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். அம்மா போன், தோழி போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி, அவர் கை படாத ஒன்றிலிருந்து பேசுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரின் பெயரும் அது கடைசியாக இயங்கிய நேரமும் அங்கே தெரிந்தால், லாக்அவுட் செய்வதற்கு முன் அந்தத் திரையை இன்னொரு போனால் படம் பிடியுங்கள்.

காரை மறந்துவிடுவார்கள். ஃபாஸ்டேக் அவர் நம்பரில் இருந்தால், பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அவருக்கு எஸ்எம்எஸ் போய்விடும். கைப்பையிலோ சீட்டுக்கு அடியிலோ ஏர்டேக் (இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆப்பிளின் சிறு வில்லை) கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். அதன் வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி (அருகில் வைத்தாலே தகவலைப் படிக்கும் வசதி) உள்ள போனில் ஒட்டிப் பிடித்தால் சீரியல் எண்ணும், பதிவு செய்தவரின் போன் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களும் தெரியும். அந்த நான்கு இலக்கம் ஒரு புகாருக்கு எவ்வளவு பெரிய பலம் என்று சொல்லத் தேவையில்லை.

“கட்டின புருஷன், அவர் வீடு, அவர் காசில் வாங்கின கேமரா, சட்டம் என்ன செய்யும்?” சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, சில நேரம் ஸ்டேஷனிலும் இதைச் சொல்வார்கள். தவறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், மின்னணுத் தகவல் தொடர்பைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகச் சொல்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறை. கணவர் என்றால் விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் 77-வது பிரிவில் வரும். உங்கள் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் தனிக் குற்றம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய், சமாதானப் பேச்சு முடிந்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய. சி.எஸ்.ஆர். என்பது எஃப்ஐஆர் அல்ல. அதைவிட முக்கியம், தண்டனை வாங்கித் தரும் சட்டம் வேறு, நாளைக்குக் காலையிலிருந்து அவரைத் தடுக்கும் சட்டம் வேறு. தடுப்பதற்குத்தான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. 12-வது பிரிவில் மனு, 18-ல் பாதுகாப்பு உத்தரவு, அவசரமென்றால் 23-ல் இடைக்கால உத்தரவு. அதை எதிர்த்தரப்பு வராமலேயே மாஜிஸ்திரேட் பிறப்பிக்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதனால்தான் இடைக்கால உத்தரவைக் கேட்காமல் விடக்கூடாது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். கேமரா ஆப் மாமியார் போனில் இருந்தாலும் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்திலிருந்து ‘வயது வந்த ஆண்’ என்ற வரம்பை நீக்கிவிட்டது.

ஆனால் மனுவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “என்னைக் கண்காணித்துச் சித்திரவதை செய்கிறார்” என்று எழுதினால் பொத்தாம்பொதுவான ஓர் உத்தரவுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: “ஹாலிலும் சமையலறை வாசலிலும் உள்ள இரண்டு கேமராக்களை எதிர்மனுதாரர் தன் மொபைலிலிருந்து பார்க்கவோ, அவற்றின் வழியாகப் பேசவோ கூடாது, வாசற்கதவின் ஸ்மார்ட் பூட்டை வெளியிலிருந்து இயக்கக் கூடாது, வைஃபை ரூட்டரின் பாஸ்வேர்டை மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும்.” பெயர் சொல்லிக் கேட்டால்தான் மீறும்போது சுட்டிக்காட்ட முடியும். இந்தச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலர் உங்கள் புகாரைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதும்போதே இந்த விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் சமூக நலத் துறையின் கீழ் வருபவர். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

சிம் அவர் பெயரில் இருப்பது நம் ஊரில் பெரிய தலைவலி. வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, ஜிமெயில் மீட்பு எண் எல்லாம் அதில்தான். அவர் ஒரு நாள் கடைக்குப் போய் டூப்ளிகேட் சிம் வாங்கினால் மொத்தமும் அவர் கையில். ஆகவே எல்லா பாஸ்வேர்டையும் ஒரே ராத்திரியில் மாற்றுவதில் பலனில்லை. மீட்பு எண் பழையதாக இருந்தால் காலையில் அவரே திரும்ப மாற்றிவிடுவார். உங்கள் பெயரில் புது சிம், அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சல், அதன் பிறகு ஆதார், வங்கி. இந்த வரிசை முக்கியம். ஆதாரில் எண்ணை மாற்ற சேவை மையத்தில் கைரேகை போதும், பழைய எண்ணுக்கு ஓடிபி போகாது.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு விஷயம். ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டி, அண்ணனுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, மூலத்தை அழித்துவிடாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வரும், நிபுணர் கையொப்பத்துக்கும் ஒரு பகுதி உண்டு. மூலக் கோப்பும் போனும் இருந்தால்தான் இது சுலபம்.

பதிலுக்கு அவர் போனைத் திறக்கலாமா என்று கேட்பார்கள். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்புப் பதிவுகளைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்த கணவரின் ஆதாரத்தை ஏற்கவில்லை. தம்பதிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதி தமக்குள் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தது விவாகரத்து வழக்கில் ஆதாரமாகலாம் என்றது. நீங்கள் கலந்துகொண்ட பேச்சைப் பதிவது வேறு, அவர் பாஸ்வேர்டை உடைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவு உங்கள் மேலும் பாயும்.

மகள் அமெரிக்காவில் இருந்தால் மயிலாப்பூரிலிருந்து இந்தச் சட்டங்களை அனுப்பி வைப்பதில் பெரிதாகப் பயனில்லை. அங்கே 2022-இல் வந்த பாதுகாப்பான இணைப்புகள் சட்டப்படி, குடும்ப பிளானிலிருந்து தன் நம்பரைப் பிரித்துத் தருமாறு மகளே தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கலாம். இரண்டு வேலை நாளில் பிரித்துவிட வேண்டும், அபராதக் கட்டணம் கூடாது. இங்கே அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. சென்னையில் அதே நம்பர் வேண்டுமென்றால், பெயர் மாற்றிக் கொடுக்கும்படி எதிர்மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும் என்று அதே மனுவில் ஒரு வரி சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம்.