மருத்துவ முகாமுக்கு மறுநாள்: ஊர்ச் சுகாதாரப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையைச் சேர்ந்த இளைஞர் கழகம் ஒன்று அண்மையில் என்னை ஆலோசனைக்கு அழைத்திருந்தது. மேற்குக் கரையான படுவான்கரையின் கிராமமொன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்துவதற்கு அவர்கள் வகுத்திருந்த திட்டம், 15 ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்களும் வகுத்த அதே திட்டமாக இருந்தது: பந்தல், பதாகை, நகரத்திலிருந்து வரும் வைத்தியர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாவியின் இரு கரைகளுக்குமிடையே வைத்திய வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வு குறைய வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் உண்மையானது. ஆகவேதான், நாங்கள் விட்ட பிழைகளை அவர்களும் விடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை. அனுமதி பெறுவது, கணக்கு எழுதுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முகாமை ஒரே நாளில் முடித்துவிடுவது

2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நம் கரையோரத்தில் எத்தனையோ மருத்துவ முகாம்கள் நடைபெற்றன. காயத்துக்கும் காய்ச்சலுக்கும் அவை அப்போது தேவைப்பட்டன. அந்தப் பழக்கத்தையே, ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டிய பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் நாங்கள் கொண்டுபோனதுதான் பிழை.

எங்கள் முகாமுக்கு, வட்டையில் (வயல்வெளியில்) கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஓர் அம்மா வந்தார். அவருடைய இரத்த அழுத்தம் 190க்கு 110 என்றிருந்தது. வைத்தியர் இரண்டு வாரங்களுக்குக் குளிசை கொடுத்து, அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகுமாறு துண்டும் எழுதிக் கொடுத்தார். நான்கு மாதங்களின் பின் வேறொரு வேலையாக அந்த ஊருக்குச் சென்றபோது, அவர் ஒரு பக்கம் செயலிழந்து பாயில் கிடந்தார். மகள் வெறும் குளிசைப் பையைக் கொண்டுவந்து காட்டி, "குளிசை முடிஞ்சா வருத்தமும் சுகம் எண்டுதான் அம்மா நினைச்சவ" என்றார். வைத்தியர் எழுதிய துண்டு, மடித்தது மடித்தபடி அந்தப் பைக்குள்ளேயே இருந்தது.

குளிசையை நிறுத்தக்கூடாது என்பதை அந்த அம்மாவுக்கு விளங்கும்படி எங்களில் எவரும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு எப்படிப் போவீர்கள் என்றும் எவரும் கேட்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய கிளினிக்கும் தவறிவிடும், போய்வந்தாலோ ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் உள்ள ஒருவர் மாதாமாதம் அங்கே செல்வது எளிதன்று. முந்நூறுக்கும் மேற்பட்டோர் பயன்பெற்றனர் என்று எங்கள் அறிக்கையில் பெருமையோடு எழுதினோமே, அந்த எண்ணிக்கையில் இந்த அம்மாவும் அடக்கம். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே முகாமுக்கு நாள் குறிப்பதற்கு முன், அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் சென்று பேசுங்கள். ஊரின் குடும்ப சுகாதார உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலையில் கிளினிக் எந்த நாளில் நடைபெறுகிறது என்று கேட்டு, அதற்கு முந்திய நாளில் முகாமை வையுங்கள். அழுத்தமோ சீனியோ கூடியவர்களின் பெயர்களை அவர்களுடைய சம்மதத்தோடு குறித்துக்கொண்டு, மறுநாளே அவர்களை அழைத்துச் சென்று கிளினிக் கொப்பி போட்டுக் கொடுங்கள். பத்து வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்த ஊர்ப் பிள்ளைகளே அடுத்த கிளினிக் திகதியை நினைவூட்டட்டும். எங்கள் முகாமின் பந்தலுக்கும் பதாகைக்கும் சாப்பாட்டுக்கும் போன காசைப் பின்னர் கூட்டிப் பார்த்தேன். அந்தக் காசில் கிளினிக் நாட்களுக்கு ஒரு வானை ஆறு மாதம் அமர்த்தியிருக்கலாம்.

பாலம் வந்ததால் தூரம் தீர்ந்தது என்று எண்ணுவது

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், வாவியைக் கடக்கும் பாதைக்காக (மிதவைப் படகுக்காக) கரையில் காத்து நின்ற துன்பம் அந்த வழியில் நீங்கியது. ஆனால் உள்ளூர்களிலிருந்து பிரதான வீதிக்கு வந்து சேரும் தூரம் குறையவில்லை. இரவில் நெஞ்சு நோவு வந்தால் யாருடைய வாகனத்தை அழைப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் இலவசமாக வரும் என்று அறிந்தவர்கள்கூட, பதற்றத்தில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுவார்கள். கோயில், பள்ளிக்கூடம், குளக்கட்டு என்று அடையாளம் வைத்து வழி சொல்வதை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

முகாமுக்கான பெயர்ப்பட்டியலை ஊர்ச் சங்கத் தலைவரிடம் மட்டும் கேட்பது

சங்கத்தில் சேராதவர்களும், சந்தா கட்ட வழியில்லாதவர்களும், ஊரின் கடைசி ஒழுங்கையில் தனித்து வாழும் பெண்களும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். நடந்து போய்ப் பாருங்கள்.

வீடுகளில் எஞ்சிய மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது

ஒருபோதும் செய்யாதீர்கள்.

நோயாளியைப் படம் எடுப்பது

சம்மதம் கேட்டாலும் கூடாது. உதவி பெறுபவரால் மறுக்க முடியாது.

சிங்களம் தெரியாதவரைத் தனியே அனுப்புவது

மேல் சிகிச்சைக்காக அம்பாறைக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும் நோயாளியோடு, இரு மொழியும் தெரிந்த ஒருவர் செல்ல வேண்டும். எந்தக் குளிசையை எத்தனை நாள் குடிப்பது, எதைக் கண்டால் உடனே திரும்பி வருவது, மறுபடி எப்போது வருவது ஆகிய மூன்றையும் அவர் அங்கேயே கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும்.

மாரி தொடங்கிய பின் யோசிப்பது

கார்த்திகை, மார்கழி மழைக்குத் தாழ்நில வீதிகள் வெள்ளத்தில் மூழ்குவது நமக்குப் புதிதன்று. அந்த மாதங்களில் பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் தாய்மார் யார் யார் என்பதைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் அறிவார். மழைக்கு முன்பே, ஐப்பசியிலேயே அவரிடம் சென்று, எந்தக் குடும்பங்களுக்கு நம் உதவி தேவைப்படும் என்று கேளுங்கள். வைத்தியசாலைக்கு அண்மையில் உறவினர் வீடு இல்லாத தாய்க்கு, எழுவான்கரையில் தங்குவதற்கு ஓர் அறையை இப்போதே பேசி வையுங்கள்.