ஸ்கேனில் நான்காவது கால்வாயைத் தேடும் முறை: தொடக்க நிலையினருக்கு

மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பல்வலியோடு திருகோணமலை நகருக்கு வருபவரின் மேல் முதற் கடைவாய்ப்பல்லைத் திறக்கும் இளம் பல் வைத்தியர் பெரும்பாலும் வேர்களுக்குள் செல்லும் மூன்று கால்வாய்களையே எதிர்பார்க்கிறார். ஆனால் அப்பல்லின் முன்கன்னப்புற வேரில் இரண்டாவது கால்வாய் ஒன்றும் இருப்பது விதிவிலக்கன்று. பாதிக்கும் மேற்பட்ட பற்களில் அது உண்டு. அதைச் சி.பி.சி.ரி எனப்படும் கூம்புக்கற்றை ஸ்கேனில் காணும் முறையை 16ஆம் பல்லை (மேல் வலது முதற் கடைவாய்ப்பல்லை)க் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் படத்தைத் தெரிவு செய்யுங்கள். பயிற்சிக்காக எவருக்கும் புதிதாகக் கதிர்ப்படம் எடுக்கக் கூடாது. சிகிச்சைக்காக முன்பே எடுத்து, அனுமதியுடன் பெயர் நீக்கித் தரப்பட்ட இறுவட்டே போதும். படத்தை ஆக்கும் மிகச்சிறு கனசதுரமான வொக்சலின் அளவையும் பாருங்கள். 0.4 மில்லிமீற்றர் வொக்சலில் எடுத்த முழுத்தாடைப் படத்தில் நுண்ணிய கால்வாய் மறைந்துவிடும் என்பதால், அத்தகைய படத்தைப் பார்த்து 'இல்லை' என்று எழுதாமல் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

அடுத்து, மென்பொருளின் அச்சுக்கோட்டை வேரின் நீள்போக்குக்கு இணையாகத் திருப்புங்கள். பலர் தாண்டிச் செல்லும் படி இது. கோடு சரிந்திருந்தால் வட்டமான கால்வாயும் நீள்வட்டமாகத் தெரிந்து ஏமாற்றும்.

இனிப் பற்கூழ் அறையின் தரையிலிருந்து வேர்நுனி வரை குறுக்குவெட்டுகளை மெதுவாக உருட்டுங்கள். ஒரே வெட்டைப் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கால்வாயின் இயல்பு அதன் போக்கில்தான் வெளிப்படும். முன்கன்னப்புற வேரில் தெரியும் கரும்புள்ளி வேரின் நடுவில் இல்லாமல் கன்னப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அண்ணப்பக்கத்தில் மற்றொன்றைச் சந்தேகியுங்கள். முதற் கால்வாயையும் அண்ணக் கால்வாயையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் மீதோ, அதற்குச் சற்று முன்புறமாகவோ அது அமைந்திருக்கும். கண்ட பின்னரும் நிறுத்தாமல் வேர்நுனியை நோக்கித் தொடருங்கள்: இரண்டும் நுனிக்கு முன் கலக்கலாம், கடைசிவரை தனித்தே செல்லலாம், அல்லது மகாவலி கடலை நெருங்குகையில் வெருகலாறு பிரிவதுபோல ஒன்றே இரண்டாகலாம்.

பார்த்ததைத் தொடக்கத்தில் எத்தனை, நுனியில் எத்தனை என்று எண்களாக எழுதுங்கள். கலந்தால் 2-1, தனித்தால் 2-2, பிரிந்தால் 1-2. பல் வேர்க்கால்வாய் ஆய்வாளர் வெர்துச்சி 1984இல் 2400 பற்களைச் சாயமேற்றி, ஒளி ஊடுருவுமாறு தெளிவாக்கி வகுத்த எட்டு வகைகளில் இவை முறையே இரண்டாம், நான்காம், ஐந்தாம் வகைகள். வகை எண்ணை மனனம் செய்வதைவிடப் போக்கைக் குறிப்பதே பயனுள்ளது. அந்த எட்டுக்குள் அடங்காத பற்களும் உள்ளன.

கால்வாயை நிரப்பப் பயன்படும் இறப்பர் போன்ற கட்டாபேர்ச்சா பழையதாகவோ, மேலே உலோக உறையோ உள்ள பல்லில், அவற்றிலிருந்து பரவும் கருங்கீற்றுகளைக் கால்வாய் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான கால்வாய் அடுத்தடுத்த வெட்டுகளிலும் தொடரும். கீற்று நிரப்பு முடியும் இடத்துக்கு அப்பால் மங்கிவிடும்.

இதே முறையால் 46இல் (கீழ் வலது முதற் கடைவாய்ப்பல்லில்) நாக்குப்புறம் ஒளிந்திருக்கும் கூடுதல் பின்வேரையும், 47இல் (அதற்கடுத்த கடைவாய்ப்பல்லில்) பிறைவடிவக் கால்வாயையும் தேடலாம். பிறைவடிவம் வேரின் நெடுகிலும் மாறக்கூடியதால், மேல், நடு, நுனி என மூன்று மட்டங்களிலும் அதைத் தனித்தனியே வரைந்து வையுங்கள்.