நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு நொய்க் கொழுக்கட்டை

மாலையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்பவரைக் கடலுக்கு முன்னால் பஜ்ஜி மணமே எதிர்கொண்டு அழைக்கிறது. எதுக்களிப்பு உள்ளவர்கள் அப்போது மிளகாயை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு, காரமில்லையே என்று வாழைக்காய் பஜ்ஜி நான்கைத் தின்றுவிட்டு, இரவு படுத்த பின் புளியேப்பத்தோடு எழுந்து உட்காருகிறார்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கியதும் அது மூடிக்கொண்டால்தான் அமிலம் மேலே ஏறாது. எண்ணெய்ப் பதார்த்தங்கள் அந்தத் தசையைத் தளர்த்துவதோடு இரைப்பையில் நெடுநேரம் தங்கியும் விடுவதால், காரத்தை நீக்கிய பின்னரும் எரிச்சல் தொடர்கிறது. ஆகவே, நம் பலகாரம் ஆவியில் வெந்ததாகவும், புளிப்பில்லாததாகவும், அளவில் சிறியதாகவும் இருக்க வேண்டும்.

ஆவியில் வெந்தது என்றால் இட்லி போதாதா என்று கேட்கலாம். காலையில் போதும். நம் ஊர்க் கடற்கரை வெக்கையில் மாலைக்குள் மாவு புளித்துவிடுவதும், அந்தப் புளிப்புச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாததும்தான் நான் மாவு புளிக்க வேண்டாத கொழுக்கட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

ஒரு கப் பச்சரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பையும் வெறும் வாணலியில் தனித்தனியே வறுத்துக்கொள்ள வேண்டும். அரிசி சூடேறிச் சற்றுப் பொரியத் தொடங்கினால் போதும், பருப்பு மணம் வர வேண்டும். ஆறியதும் இரண்டையும் சேர்த்து மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றி, ரவைப் பதத்தில் உடைக்க வேண்டும். நைசாக அரைத்துவிட்டால் கொழுக்கட்டை களிபோல் ஒட்டும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

அடி கனத்த பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு, கடுகு, அரைத் தேக்கரண்டி சீரகம், கறிவேப்பிலை, துருவிய இஞ்சி அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைத் தாளிக்கவும். மிளகாயும் வெங்காயமும் வேண்டாம். வெங்காயம், குறிப்பாகப் பச்சையாக இருந்தால், பலருக்கு எதுக்களிப்பைத் தூண்டும். பிறகு இரண்டரைக் கப் தண்ணீர், முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிறிய கேரட்டின் துருவல், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, உடைத்த நொய்யை ஒரு கையால் தூவியபடியே மறு கையால் கிளற வேண்டும். தீயைக் குறைத்து, மூடி, ஐந்து முதல் ஏழு நிமிடங்கள் வைத்தால் தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். கை பொறுக்கும் சூட்டில், ஈரக் கையால் விரல் தடம் பதியப் பிடித்து, இட்லிப் பானையில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள் வேகவைக்கவும்.

முந்திரியைப் பற்றி ஒரு சொல். பண்ருட்டி பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரி இல்லாமல் பலகாரமா என்று வீட்டில் யாராவது நெய்யில் வறுத்த ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். முந்திரியிலும் நெய்யிலும் இருப்பது கொழுப்பே. ஆகவே அதை மற்றவர்களின் தட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொட்டுக்கொள்வதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். தக்காளிச் சட்டினி புளிப்பு என்று ஒதுக்குபவர்கள்கூட, புதினா குளிர்ச்சிதானே என்று புதினாத் துவையலை அரைக்கிறார்கள். வாயில் குளிர்ச்சியாக இருக்கும் அந்தப் புதினா, மேலே சொன்ன தசையைத் தளர்த்தக்கூடியது. அதற்குப் பதில், பீர்க்கங்காயை வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, கொத்துமல்லி, உப்பு சேர்த்து, புளியும் மிளகாயும் இல்லாமல் அரைத்த துவையல் இதற்குப் பொருந்தும். முதல் நாள் சப்பென்றிருக்கும். சீரகத்தைச் சற்றுக் கூட்டினால் நாக்கு பழகிவிடும். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது மற்றொருவருக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம் என்பதால், எதைத் தின்ற நாளில் எரிந்தது என்று நாட்காட்டியின் ஓரத்திலேயே குறித்துவைப்பது, பொதுவான எந்தப் பட்டியலையும்விடப் பயன்படும்.

ஒரு வேளைக்கு மூன்று போதும். காப்பியும் தேநீரும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டுவதால் உடன் வெந்நீர் அருந்தலாம். ஐந்து மணிக்குத் தின்று, உடனே சாயாமல் சற்று நடந்துவிட்டு, இரவு உணவைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை இருந்தால் பலகாரத்தை மாற்றிப் பயனில்லை, மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சுவலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீந்த கொழுக்கட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் மீண்டும் ஆவியிலேயே சூடாக்கவும். உதிர்த்து எண்ணெயில் வறுத்தால் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு பலகாரம்.